ஓடும்போது கசியாத டிரைவர்

2021 ஜூனில் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் போன ஒரு பேட்ச்சின், அதாவது நிரல் திருத்தத்தின், குறிப்பில் இரண்டு லாக் வரிகள் உண்டு. கணினி கிளம்பி 1354-ஆவது வினாடியில் யூஎஸ்பி சாதனம் ஒன்று பிடுங்கப்பட்டது என்கிறது முதல் வரி. 13 வினாடி கழித்து வந்த இரண்டாவது வரி, சந்தேகத்துக்குரிய நினைவகக் கசிவுகள் புதிதாக 20 என்கிறது.

மெமரி லீக், அதாவது வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் விட்டுவிடும் பிழை, என்றதும் நம் கண்முன் வருவது நாள் முழுக்க மெல்ல ஏறிக்கொண்டே போகும் ஒரு கிராஃப். சர்வர் ஓட ஓட நினைவகம் குறையும், ஒரு நாள் நள்ளிரவில் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கெர்னல் கொன்றுபோடும், காலையில் எல்லோரும் அலறியடித்துக்கொண்டு வருவோம். இந்தக் கசிவு அந்த ரகம் இல்லை. சாதனத்தைச் செருகி ஒரு வருடம் நிறுத்தாமல் ஓட்டினாலும் இதனால் ஒரு பைட் கூட வீணாகாது. பிடுங்கும்போது மட்டும் கசியும். சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர் கெர்னலில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் இது தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் அதுதான்.

சாதனம் மைக்ரோசிப் நிறுவனத்தின் கேன் பஸ் அனலைசர். தண்ணீர் கேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வண்டிக்குள் எஞ்சின், பிரேக், கதவு என்று ஒவ்வொன்றுக்கும் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வலையமைப்புக்குப் பெயர் கேன். பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்தியது. பழைய வகை கேனில் ஒரு சேதிக்கு அதிகபட்சம் 8 பைட் தரவு. 2008-இல் வந்த லினக்ஸ் 2.6.25 முதல் கேன் சாதனங்களையும் ஈதர்நெட் கார்டு மாதிரி ஒரு நெட்வொர்க் இடைமுகமாகவே கெர்னல் காட்டுகிறது. அந்த ஏற்பாட்டுக்கு சாக்கெட்கேன் என்று பெயர். அனலைசர் என்பது மடிக்கணினியின் யூஎஸ்பி துளைக்கும் வண்டியின் கேன் கம்பிக்கும் நடுவே உட்காரும் ஒரு சின்னப் பெட்டி. எம்சிபிஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதன் டிரைவர் 2017-இல், 4.12 பதிப்பில் சேர்ந்தது.

கசிவைப் பிடித்தது மனிதர் இல்லை, சிஸ்பாட். கூகுள் நடத்தும் தானியங்கி அது. கெர்னலை மெய்நிகர் இயந்திரங்களில் ஓடவிட்டு, வாய்க்கு வந்ததை உளறுவது போல விதவிதமான சிஸ்டம் கால்களை, அதாவது நிரல்கள் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைகளை, கொடுத்துக்கொண்டே இருக்கும். யூஎஸ்பி டிரைவர்களைச் சோதிக்க அதற்கு உண்மையான சாதனம் தேவையில்லை. டம்மி எச்சிடி என்று கெர்னலிலேயே ஒரு போலி யூஎஸ்பி கன்ட்ரோலர் இருக்கிறது. அதில் போலிச் சாதனம் ஒன்றைச் செருகி, நான்தான் மைக்ரோசிப் அனலைசர் என்று சொல்ல வைத்தால் டிரைவர் நம்பிவிடும். இந்த டம்மி எச்சிடி பின்னால் இன்னொரு வேடத்திலும் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கசிவைக் கணக்கிட்டது கேமெம்லீக். 2009-இல் 2.6.31 பதிப்போடு வந்த கருவி. கெர்னலுக்குள் நினைவகம் ஒதுக்கித் தரும் கேமல்லாக் போன்ற ஃபங்ஷன்கள் வழியாக வாங்கப்படும் ஒவ்வொரு நினைவகத் துண்டையும் குறித்துவைத்துக்கொள்ளும். பிறகு கெர்னலின் தரவுப் பகுதிகள், ஸ்டாக்குகள், குறித்துவைத்த துண்டுகளின் உட்புறம் எல்லாவற்றையும் சலித்துப் பார்க்கும். ஒரு துண்டின் முகவரி எங்குமே காணப்படவில்லை என்றால், அதை இனி யாராலும் விடுவிக்க முடியாது, எனவே அது கசிவு. தர்க்கம் எளிமையானது. சில சமயம் தவறாகவும் சொல்லும், அதனால்தான் அறிக்கையில் 'சந்தேகத்துக்குரிய' என்ற அடைமொழி.

சரி, ஏன் 20? எனக்கு இந்த வழக்கில் பிடித்த இடம் இதுதான். கசிவின் எண்ணிக்கை 17 என்றோ 43 என்றோ வந்திருந்தால் எந்தப் பாதையில் போயிற்று என்று நாள் கணக்கில் துழாவ வேண்டியிருக்கும். சாதனத்தை ஒரு தடவை பிடுங்கியதும் சரியாக 20 என்றால், டிரைவரைத் திறந்து 20 என்ற மாறிலியைத் தேடினால் போதும். இருந்தது. தரவைப் பெறுவதற்கான யூஆர்பிக்களின் (யூஎஸ்பி கோரிக்கைகளின்) எண்ணிக்கை 20 என்று மேலேயே எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றோடும் 64 பைட் பஃபர் ஒன்று, அதாவது தரவு வந்து விழும் நினைவகத் துண்டு.

சீட்டும் பாத்திரமும்

யூஆர்பி என்பது யூஎஸ்பி அடுக்கிடம் டிரைவர் கொடுக்கும் வேலைச் சீட்டு. இந்தச் சாதனத்திலிருந்து தரவு வந்தால் இந்த பஃபரில் போடு, போட்டு முடிந்ததும் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு என்று அதில் எழுதியிருக்கும். தரவு வந்ததும் டிரைவரின் ஃபங்ஷன் ஓடும், உள்ளே இருப்பதைப் படிக்கும், அதே சீட்டை அதே பஃபரோடு திரும்ப வரிசையில் போடும். புதிதாக எதுவும் வாங்குவதில்லை. ஓடும்போது ஏன் கசியவில்லை என்பதற்கு விடை இதில் வந்துவிட்டது.

சாதனம் பிடுங்கப்பட்டதும் டிரைவர் என்ன செய்தது? வரிசையில் நிற்கும் எல்லா யூஆர்பிக்களையும் கொல்லும் ஃபங்ஷனைக் கூப்பிட்டது. யூஆர்பி ஒவ்வொன்றும் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்ற எண்ணிக்கையைச் சுமந்திருக்கும். வரிசையில் போட்ட கையோடு டிரைவர் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிடுகிறது, மீதியை யூஎஸ்பி கோர் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில். கொல்லப்பட்டதும் எண்ணிக்கை பூஜ்யமாகி யூஆர்பி விடுவிக்கப்படுகிறது. இதுவரை எல்லாம் சரி.

ஆனால் போனது சீட்டு மட்டும். கல்யாணத்துக்கு வாடகைக் கடையில் பாத்திரம் எடுத்தால், எடுத்ததற்கு ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். விசேஷம் முடிந்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் பாத்திரம் கடைக்குப் போய்ச் சேருமா? மண்டபத்திலேயே கிடக்கும். எந்தக் கடைப் பாத்திரம் என்று சொல்ல ஆளும் இல்லை. பஃபரின் முகவரி எழுதியிருந்த ஒரே இடம் அந்த யூஆர்பிதான். அது போனதும் 20 பஃபர்களும் அநாதையாயின. 1367-ஆவது வினாடியில் கேமெம்லீக் சலித்தபோது அவற்றின் முகவரி எங்கும் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். யூஆர்பியை விடுவிக்கும்போதே பஃபரையும் சேர்த்து விடுவி என்று சொல்ல ஒரு கொடி (ஃப்ளாக்) இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் அந்தக் கொடி செய்வது வெறும் கேஃப்ரீ, அதாவது கேமல்லாக் கடையில் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது. இந்த டிரைவர் பஃபரை எடுத்தது வேறு கடையில்: கொஹெரன்ட் நினைவகம். சிபியூவும் சாதனமும் ஒரே நேரத்தில் பார்த்தாலும் முரண்படாத, டிஎம்ஏவுக்கென்றே, அதாவது சிபியூ நடுவே வராமல் சாதனமே நேராக நினைவகத்தில் படித்து எழுதும் முறைக்கென்றே, தயாராக வைக்கப்பட்ட நினைவகம் அது. அதைத் திருப்பித் தரத் தனி ஃபங்ஷன் உண்டு. இந்தக் கடைப் பாத்திரத்தை அந்தக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கசிவை விடப் பெரிய வம்பு வரும். ஆக, இந்தக் கொடியும் போட முடியாது, கைப்பட விடுவிக்கும் வரியும் எழுதப்படவில்லை.

எவ்வளவு போயிற்று என்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். 20 பஃபர், 64 பைட் வீதம் 1280 பைட். உண்மையான கன்ட்ரோலரில் சிறிய கொஹெரன்ட் கோரிக்கைகள் 32, 128, 512, 2048 பைட் என்ற அளவுகளில் வைத்திருக்கும் குளங்களிலிருந்து தரப்படுவது வழக்கம். 64 கேட்டால் 128 கிடைக்கும். அப்படியே வைத்தாலும் ஒரு தடவை பிடுங்கினால் 2560 பைட். ஒரு ஜிகாபைட் கசிய நான்கு லட்சம் தடவைக்கு மேல் செருகிப் பிடுங்க வேண்டும். அதற்குள் யூஎஸ்பி துளை தேய்ந்துபோகும். இருந்தாலும் ப்ராசஸ் ஒன்று கசியவிட்டால் அது முடியும்போது கெர்னல் எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொள்ளும், கெர்னலே கசியவிட்டதை வாரி எடுக்க யாரும் இல்லை. ரீபூட் ஒன்றே வழி.

இரண்டு முகவரிகள்

திருத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. பக்கத்து வீட்டிலேயே முன்மாதிரி இருந்தது. அதே கேன் யூஎஸ்பி அடைவில் இருக்கும் க்வாசர் டிரைவர், வாங்கிய பஃபர்களின் முகவரிகளைத் தன் சொந்தத் தரவமைப்பில் வரிசையாக எழுதிவைத்து, மூடும்போது ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தது. பேட்ச்சை எழுதியவர் அதே முறையை எம்சிபிஏவுக்குக் கொண்டுவந்தார், அதைக் குறிப்பிலும் சொல்லியிருந்தார்.

கொஹெரன்ட் பஃபருக்கு முகவரி ஒன்றல்ல, இரண்டு. சென்னையில் கதவுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதியிருப்பார்களே, அந்த மாதிரி. சிபியூ தேடிவரும்போது ஓர் எண், சாதனம் டிஎம்ஏ வழியாக வரும்போது இன்னோர் எண். இடம் ஒன்றுதான். திருப்பித் தரும்போது இரண்டையும் சொல்ல வேண்டும். ஆகவே வரிசைகளும் இரண்டு தேவைப்பட்டன.

பழைய நிரலில் பஃபரை வாங்கும் ஃபங்ஷனிடம், டிஎம்ஏ முகவரியை யூஆர்பிக்குள்ளேயே நேராக எழுதிவிடு என்று இடம் காட்டியிருந்தார்கள். புதிய நிரலில் அது ஒரு தற்காலிக மாறியில் வந்து இறங்கியது, அங்கிருந்து வரிசைக்கு நகலெடுக்கப்பட்டது. சுத்தமான மாற்றம். பேட்ச் 5.13 வெளியாவதற்கு முன்பே ஏற்றுக்கொள்ளப்பட்டது, பழைய நிலைப்பதிப்புகளுக்கும் போயிற்று. கேமெம்லீக் வாயை மூடிக்கொண்டது.

ஜூலையில் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் பிழைப் பதிவில் ஒரு முறையீடு வந்தது. கையில் உண்மையான மைக்ரோசிப் அனலைசர் வைத்திருந்த ஒருவருக்கு அது வேலை செய்வதை நிறுத்திவிட்டது. லாக்கில், எந்தச் சாதனம் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று காவல் காக்கும் இன்டெலின் ஐஓஎம்எம்யூ கத்தியிருந்தது: 00:14.0 என்ற சாதனம் டிஎம்ஏ வழியாக எழுத முயன்றது, தவறான முகவரி 0, எழுத அனுமதியில்லை. இன்டெல் கணினிகளில் 00:14.0 என்பது பெரும்பாலும் யூஎஸ்பி கன்ட்ரோலர். அது ஏன் போய் முகவரி பூஜ்யத்தில் எழுத வேண்டும்?

ஒரே ஒரு வரி விடுபட்டிருந்தது. டிஎம்ஏ முகவரி தற்காலிக மாறிக்கு வந்தது, வரிசைக்குப் போனது, யூஆர்பிக்குள் மட்டும் போகவில்லை. முன்பு வாங்கும்போதே தானாக நடந்துகொண்டிருந்த காரியம் அது, அதனால் அதற்கென்று தனி வரி எதுவும் பழைய நிரலில் இல்லை. இல்லாத வரி காணாமல் போனதை யார் கவனிப்பார்கள்? பேட்ச்சை டிஃப்பில், அதாவது மாறிய வரிகளின் பட்டியலில், மட்டும் பார்த்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். போதாக்குறைக்கு யூஆர்பியில் இன்னொரு கொடி இருந்தது: டிஎம்ஏ முகவரியை நானே தந்துவிட்டேன், நீ மறுபடி கணக்கிடாதே. யூஎஸ்பி கோர் அதை நம்பி, உள்ளே இருந்த பூஜ்யத்தை அப்படியே கன்ட்ரோலரிடம் கொடுத்தது. ஐஓஎம்எம்யூ காவலுக்கு இருந்ததால் எழுதுவதைத் தடுத்து லாக்கிலும் போட்டது. அந்தக் காவல் இல்லாத கணினியில் சாதனத்தின் தரவு நினைவகத்தின் பூஜ்ய முகவரிக்கே போய் விழுந்திருக்கும்.

இப்போது டம்மி எச்சிடிக்கு வருவோம். அந்தப் போலி கன்ட்ரோலர் டிஎம்ஏவே செய்வதில்லை. தரவை சிபியூவே மெமரியிலிருந்து மெமரிக்கு நகலெடுக்கும். டிஎம்ஏ தெரியாத கன்ட்ரோலருக்கு யாராவது கொஹெரன்ட் பஃபர் கேட்டால், யூஎஸ்பி கோர் சத்தமில்லாமல் கேமல்லாக்கில் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடும், டிஎம்ஏ முகவரி என்ற இடத்தில் எல்லா பிட்டும் 1 ஆன ஒரு வெற்று எண்ணைப் போட்டுவைக்கும். கேமல்லாக்கில் வாங்கியதால்தான் கேமெம்லீக்கின் கணக்கில் அது வந்தது, கசிவு வெளிப்பட்டது. பக்கங்களாக நேரடியாக ஒதுக்கப்படும் நினைவகத்தைக் கேமெம்லீக் கண்காணிப்பதில்லை. ஆக, கசிவைக் காட்டிக்கொடுத்ததும் டம்மி எச்சிடியின் அந்தக் குணம்தான், திருத்தத்தின் பிழையை மறைக்க வல்லதும் அதே குணம்தான். யூஆர்பிக்குள் டிஎம்ஏ முகவரி சரியா, பூஜ்யமா, குப்பையா என்று அங்கே யாரும் படித்துப் பார்ப்பதே இல்லை. அந்த மெய்நிகர் கூடத்தில் ஆயிரம் முறை ஓட்டினாலும் பச்சை விளக்குத்தான் எரிந்திருக்கும்.

திருத்தியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெர்னலில் இருக்கும் ஆயிரக்கணக்கான டிரைவர்களுக்கான பெட்டிகளை யார் வாங்கி வீட்டில் அடுக்க முடியும்? புகார் வந்ததும் அவரே, முந்தைய பேட்ச்சில் நான் மறந்துவிட்டேன் என்று எழுதி, ஜூலை இறுதிக்குள் ஒற்றை வரி பேட்ச்சை அனுப்பினார். தற்காலிக மாறியில் இருக்கும் முகவரியை யூஆர்பியிலும் எழுது, அவ்வளவுதான்.

ஒரே அச்சில் வார்த்தவை

அந்த வாரத்திலேயே அவரிடமிருந்து இன்னும் மூன்று பேட்ச்சுகள் வந்தன. ஈஎம்எஸ், ஈஎஸ்டி, 8டெவ் என்ற மூன்று கேன் யூஎஸ்பி டிரைவர்களிலும் அதே கசிவு. இந்த நிரல் மற்ற கேன் டிரைவர்களிலிருந்து நகலெடுத்து ஒட்டியது போலத் தெரிகிறது என்று குறிப்பில் வெளிப்படையாகவே எழுதினார். இந்த முறை டிஎம்ஏ முகவரியை எழுதும் வரி மறக்காமல் இருந்தது, எம்சிபிஏவில் இதே மாற்றம் உண்மையான வன்பொருளில் நன்றாக ஓடுகிறது என்ற குறிப்பும் இருந்தது.

ஈஎம்எஸ் டிரைவர் கெர்னலில் சேர்ந்தது 2009-இல். அதாவது இந்தப் பழக்கத்துக்கு வயது பன்னிரண்டு. புதிய டிரைவர் எழுத உட்காருபவர் அடைவில் இருப்பதிலேயே தன் சாதனத்துக்கு நெருக்கமான ஒன்றைத் திறந்து, பெயர்களை மாற்றி, தேவையானதைச் சேர்த்துக்கொண்டு போவார். எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். ஓடுகிற நிரலை நகலெடுக்கும்போது ஓடும் பாதையைத்தான் சோதித்துப் பார்ப்போம். மூடும் பாதை அப்படியே கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

அளவும் எல்லா இடத்திலும் சில்லறை இல்லை. எம்சிபிஏவில் பஃபர்கள் வாங்கப்படுவது சாதனம் செருகப்படும்போது. ஈஎம்எஸ்ஸில் இடைமுகத்தை மேலே தூக்கும் (இயக்கத் தொடங்கும்) ஒவ்வொரு தடவையும் 10 பஃபர். கேனில் பிட் வேகத்தை மாற்ற வேண்டுமானால் இடைமுகத்தை இறக்கிவிட்டுத்தான் மாற்ற முடியும், ஓடிக்கொண்டிருக்கும்போது கெர்னல் மறுத்துவிடும். எந்த வேகம் என்று தெரியாத ஒரு வண்டியில் வினாடிக்கு 125, 250, 500 கிலோபிட் என்று ஸ்கிரிப்ட் போட்டு மாற்றி மாற்றிப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு சுற்றும் ஒரு கசிவு.

அந்த நான்கோடு கதை முடியவில்லை. கேண்டில்லைட், கேனபிள் போன்ற மலிவான, மிகப் பரவலான சாதனங்களுக்கான ஜிஎஸ்-யூஎஸ்பி டிரைவரில் அதே நோய் இருப்பது 2022-இல் தெரிந்தது. அங்கே பஃபர்கள் 30, வாங்கப்படுவது இடைமுகம் திறக்கும்போது. பல யூஎஸ்பி கேன் டிரைவர்களுக்குப் பொதுவான பிணி என்றே அந்த பேட்ச்சின் குறிப்பு சொன்னது. ஈஎஸ்டி திருத்தத்தை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டாலும் ஓரிடத்தில் விலகினார்கள். ஈஎஸ்டியில் சாதனம் பிடுங்கப்படும்போது விடுவிக்கிறார்கள், இங்கே திறக்கும்போது வாங்கியதை மூடும்போதே விடுவித்தார்கள். வாங்கிய இடத்துக்கு நேர் எதிரே திருப்பிக் கொடுக்கும் இடம் இருந்தால் படிப்பவருக்கும் நிம்மதி. என்னைக் கேட்டால் இந்தக் குடும்பத்தின் திருத்தங்களில் இதுதான் அழகானது.

அது நீண்ட நாள் நீடிக்கவில்லை. அப்புறம் சில மாதங்களில், அதே 2022-இல், வேறொருவர் அடிப்படைக் கேள்வியையே கேட்டார்: இந்தச் சின்ன பஃபர்களுக்குக் கொஹெரன்ட் நினைவகம் எதற்கு? அது இருந்தபோதும் அதை எடுத்துவிட்டபோதும் தாமதத்தையும் சிபியூ செலவையும் ஒப்பிட்டுப் பார்த்தார், குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சாதாரண கேமல்லாக்கில் வாங்கினால் அந்தப் பழைய கொடியை மனசாட்சியோடு போடலாம், யூஆர்பி போகும்போது பஃபரும் சேர்ந்து போய்விடும், டிஎம்ஏ முகவரியை யூஎஸ்பி கோரே கணக்கிட்டுக்கொள்ளும். 6.1 பதிப்பில் அந்த மாற்றம் சேர்ந்தது. பஃபர்களை நினைவில் வைத்துக்கொள்ளவென்று சேர்த்த வரிசைகளையும், அவற்றை ஒவ்வொன்றாக விடுவித்த சுழலையும் அதே பேட்ச் நீக்கிவிட்டது.